பிரஷர் ஏறுச்சு, குடலுக்கு ரத்தம் போச்சா?

மார்ச் 4
நிறைய ரத்தம் போயி, பிரஷர் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் பத்தாத நிலையில, அதாவது ஷாக்ல, வந்த கேஸ். ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தும் பிரஷர் நிக்கல, ரத்தக் குழாயைச் சுருக்கி பிரஷரை ஏத்துற நாரட்ரினலின் மருந்தை ஓட விட்டோம், கொஞ்ச நேரத்துல சராசரி பிரஷர் 65ஐ தொட்டுச்சு, எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் மனசு குடல்லயே நிக்குது. இதயம் தள்ளுற ரத்தத்துல கிட்டத்தட்ட கால்வாசி வயித்து உறுப்புகளுக்குத்தான் போகுது, ரத்தம் கொறைஞ்சதும் மூளையையும் இதயத்தையும் காப்பாத்த உடம்பு முதல்ல வெட்டுறது அந்தப் பங்கைத்தான். ஏற்கனவே சுருங்கிக் கெடக்குற ரத்தக் குழாயை நாம மருந்து போட்டு இன்னும் சுருக்குறோம்.

மார்ச் 5
ஜூனியர் கேட்டான், ஏன் சார் குடலுறிஞ்சி, அதான் குடலோட உள்சுவர்ல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறது, அதோட நுனி மட்டும் மொதல்ல சாகுதுன்னு. நல்ல கேள்வி. அதுக்குள்ள ஏறுற ரத்தக் குழாயும் இறங்குற ரத்தக் குழாயும் பக்கத்துல பக்கத்துல ஓடுது, அதனால நுனிக்குப் போறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் பாதி வழியில இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் கசிஞ்சிடும், ஓட்டம் மெதுவானா கசிவு இன்னும் ஜாஸ்தி. நுனி செத்து உரிஞ்சா குடல் சுவரோட காவல் போச்சு, உள்ள இருக்குற கிருமி நச்சு எல்லாம் வெளிய வர வழி கெடைச்சிடுது.

மார்ச் 7
பிரஷரை ஏத்துற இன்னொரு மருந்தான வாசோபிரசின் பத்தி டியூட்டி ரூம்ல பேச்சு. குடல் குழாயை நல்லாவே சுருக்குற மருந்துதான், ஆனா அதுக்காக ஒதுக்கிட முடியாது. 2019ல வந்த ஏவர்ட் ஷாக் ஆய்வுல காயத்தால ரத்தம் போனவங்களுக்கு சின்ன டோஸ்ல, நிமிஷத்துக்கு அதிகபட்சம் 0.04 யூனிட், குடுத்துப் பாத்தாங்க, ஏத்த வேண்டிய ரத்தம் கொறைஞ்சுது. என்னைக் கேட்டா ஆபத்து மருந்துல இல்ல, குழாய் காலியா இருக்கும்போது ரத்தம் குடுக்காம டோஸை மட்டும் ஏத்திக்கிட்டே போறதுலதான்.

மார்ச் 8
ட்யூப்ல சாப்பாடு எப்போ ஆரம்பிக்கலாம்னு டயட்டீஷியன் கேட்டாங்க. 2018ல நியூட்ரிரியா 2 ஆய்வு, வென்டிலேட்டர்ல பிரஷர் மருந்தோட இருந்த 2,410 பேர், அதுல குடல் வழியா சீக்கிரம் முழு அளவு குடுத்தவங்கள்ல 2 சதவீதம் பேருக்கு குடல் ரத்தஓட்டம் கெட்டுச்சு, ரத்தக் குழாய் வழியா சத்து குடுத்தவங்கள்ல 1 சதவீதத்துக்கும் கம்மி. நம்ம கேஸுக்கு பிரஷர் மருந்து டோஸ் இன்னும் எறங்கல, அதனால இன்னைக்கு வேணாம்னுட்டேன்.

மார்ச் 9
ராத்திரி டோஸ் பாதியா எறங்கிடுச்சு, திசுக்களுக்கு ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஏறுற லாக்டேட்டும் எறங்குது, வயிறு மெத்துனு இருக்கு. மெதுவா கொஞ்சமா ஃபீட் ஆரம்பிச்சாச்சு. வயிறு உப்புனாலோ லாக்டேட் திரும்ப ஏறுனாலோ ஃபீடை நிறுத்திட்டு உடனே சர்ஜனைக் கூப்பிடணும்னு நைட் சிஸ்டர்கிட்ட எழுதியே குடுத்துட்டேன்.