செக்கில் மூன்று பெயர்: செட்டில்மென்ட்டுக்குப் பின் பழைய வக்கீலின் லீனைத் தீர்த்த வழி

கலிஃபோர்னியாவில் ஒரு கார் விபத்து வழக்கு. முதலில் வைத்த வக்கீலை எட்டு மாதத்தில் மாற்றியாயிற்று. இரண்டாவது வக்கீல் கோர்ட்டில் வழக்குப் போட்டார், 90,000 டாலருக்குச் சமரசம் ஆனது, இன்சூரன்ஸ் நிறுவனத்தின் செக்கும் வந்துவிட்டது. ஆனால் யார் பெயருக்கு என்ற வரியில் மூன்று பெயர்கள்: கட்சிக்காரர், இப்போதைய வக்கீல், நீக்கப்பட்ட பழைய வக்கீல். பெயர்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்று அச்சாகியிருக்கிறது. அந்த இடத்தில் ‘ஆர்’ இருந்தால் ஒருவர் கையெழுத்து போதும். ‘அண்ட்’ என்றால் மூன்று பேரும் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது இதுதான். இந்த முடிச்சை அவிழ்க்கப் போன வழியை அதே வரிசையில் எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது பெயர் தற்செயலாக வந்ததல்ல. பழைய வக்கீல் வெளியேறிய வாரமே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு லீன் நோட்டீஸ் அனுப்பியிருப்பார். லீன் என்றால் பற்றுரிமை: ‘வரப்போகும் பணத்தில் என் கட்டணம் இருக்கிறது’ என்ற உரிமைக்கோரல். அந்த நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் பணத்தைக் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீதே பழைய வக்கீல் வழக்குத் தொடரலாம் என்று 1999-இல் லெவின் எதிர் கல்ஃப் இன்சூரன்ஸ் வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலிருந்து எந்த நிறுவனமும் இந்த விஷயத்தில் துணிச்சல் காட்டுவதில்லை. க்ளெய்ம்ஸ் அலுவலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் ஒன்றுமில்லை.

முதலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இரண்டாவது வக்கீலின் ஒப்பந்தம், வழக்குப் பதிவுக்குப் பின் 40 சதவீதம் என்கிறது, அதாவது 36,000. பழையவர் தன் ஒப்பந்தத்தில் இருந்த மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறார், 30,000. இரண்டு வக்கீல்களின் கைச்செலவு சேர்ந்து 6,750. மருத்துவ லீன்கள் 14,000. வக்கீல் கட்டணம் ஒரே ஒரு 36,000-க்குள் அடங்கினால் கட்சிக்காரருக்கு 33,250 டாலர் மிஞ்சும். பழையவரின் 30,000 அதற்கு மேல் தனியாகப் போனால் மிஞ்சுவது 3,250. சண்டை முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

சட்டம் இந்த இடத்தில் கட்சிக்காரர் பக்கம் இருக்கிறது. ஃப்ரகாஸ் எதிர் பிரென்ட் வழக்கில் (1972) கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது: கட்சிக்காரர் வக்கீலை எப்போது வேண்டுமானாலும், காரணத்தோடோ காரணமில்லாமலோ நீக்கலாம், நீக்கப்பட்டவருக்கு ஒப்பந்த சதவீதம் கிடையாது, செய்த வேலைக்கு நியாயமான கூலி மட்டுமே, அதுவும் வழக்கில் பணம் வந்தால்தான். ஆகவே பழையவர் கடிதத்தில் ‘33⅓ சதவீதம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தால் மிரள வேண்டாம். பேரத்தைத் தொடங்கி வைக்கும் தொகை, அவ்வளவுதான். ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை ஏறக்குறைய முடிந்து, சமரசம் கைக்கு எட்டும் நேரத்தில் நீக்கியிருந்தால், நியாயமான கூலி என்பது முழு ஒப்பந்தக் கட்டணத்தையே நெருங்கிவிடலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இதற்கு மாறாக வக்கீல் தானே விலகியிருந்தால்? நியாயமான காரணமில்லாமல் விலகியவருக்கு ஒன்றுமில்லை என்பது 1987-இல் வந்த ஃபால்கோ சொத்து வழக்கின் தீர்ப்பு. அதனால் பிரிந்த நேரத்தின் மின்னஞ்சல்களைத் தேடி எடுப்பது முதல் வேலை. ‘இந்த வழக்கை இனி நடத்த இயலாது, வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நியாயமான காரணமில்லாமல் அவர் எழுதிய ஒற்றை வரி, எத்தனை மணி வேலை செய்தார் என்ற தகராறு முழுவதையும் தேவையற்றதாக்கிவிடலாம்.

அடுத்து ஒப்பந்தம். கலிஃபோர்னியாவில் வக்கீலுக்குத் தானாக லீன் வந்துவிடாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பின் பிரிவு 6147-ன்படி, சதவீதக் கட்டண ஒப்பந்தம் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கையெழுத்தான நகல் கட்சிக்காரருக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். கைச்செலவு எப்படிக் கழிக்கப்படும் என்று சொல்ல வேண்டும். ‘இந்தக் கட்டணம் சட்டம் நிர்ணயித்ததல்ல, பேசி முடிவு செய்யக்கூடியது’ என்ற வாசகம் இருக்க வேண்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் கட்சிக்காரர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பிறகு வக்கீலுக்கு நியாயமான கூலிதான். கைச்செலவு வரியைச் சும்மா தாண்டிவிடக் கூடாது. 90,000-இல் நேரடியாக மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் 30,000. முதலில் 6,750-ஐக் கழித்துவிட்டு மீதியில் எடுத்தால் 27,750. இந்த 2,250 வித்தியாசம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மருத்துவத் தவறு வழக்குகளுக்குத் தனி உச்சவரம்பு உண்டு: 2023 ஜனவரி முதல், வழக்குப் போடும் முன் தீர்ந்தால் 25 சதவீதம், போட்ட பின் 33 சதவீதம்.

கோப்பு முழுவதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ‘கட்டணம் தீர்ந்தால்தான் கோப்பு’ என்று சொல்ல கலிஃபோர்னிய வக்கீலுக்கு உரிமையில்லை. தொழில் நடத்தை விதி 1.16, பாக்கி இருந்தாலும் கோப்பைத் திருப்பித் தரச் சொல்கிறது. அதோடு மணிவாரியான வேலைப் பட்டியலையும் கேட்க வேண்டும். சதவீதக் கட்டணத்துக்கு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அன்றாடம் நேரம் குறித்து வைப்பதில்லை. லீன் தகராறு வந்த பிறகு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவார்கள். அப்படி எழுதியது பார்த்த உடனே தெரியும், எல்லாம் முழு மணி, அரை மணியாக இருக்கும். அன்றாடம் குறித்ததில் 0.1, 0.3 என்று ஆறு நிமிடத் துணுக்குகள் வரும்.

அந்தப் பட்டியலைக் கோப்போடு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு முழு வார இறுதி போகும், ஆனால் பலன் தரும் வேலை இதுதான். உதாரணத்துக்கு ஒரு வரி: ‘மருத்துவ ஆவணங்கள் படித்து ஆய்வு, 9.5 மணி.’ கோப்பில் ஆவணங்களை நகலெடுத்துத் தந்த நிறுவனத்தின் பில் இருக்கிறது. அதன் தேதி, வக்கீலை நீக்கிய கடிதத்துக்குப் பதினோரு நாள் பின்னால். வராத ஆவணத்தை எப்படிப் படித்திருக்க முடியும்? இன்னொரு வரியில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இழப்பீடு கோரும் கடிதம் எழுத 7 மணி. கோப்பில் இருப்பது இரண்டு பக்க வரைவு, அனுப்பவே இல்லை. உதவியாளர் போன் செய்து மருத்துவ சந்திப்பு வாங்கித் தந்ததை வக்கீலின் மணி விலையில் போட்டிருப்பார்கள், அதையும் பிரித்து வைக்கலாம். இப்படிச் சலித்ததில் பழையவர் பட்டியலில் காட்டிய 62 மணி 24 மணியாக இறங்கியது.

இரண்டாவது வக்கீல் 96 மணி வேலை செய்திருக்கிறார் என்றால் விகிதம் ஒன்றுக்கு நான்கு. இருவரின் நியாயமான கூலியும் சேர்ந்து மொத்தக் கட்டணத்தைத் தாண்டும்போது, அந்தக் கட்டணத்தையே விகிதப்படி பிரிப்பதுதான் முறை (ஸ்பையர்ஸ் எதிர் அமெரிக்கன் பஸ் லைன்ஸ், 1984, காஸாரெஸ் எதிர் சேன்ஸ், 1989). 36,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 7,200. மணி மட்டுமே அளவுகோல் அல்ல, வேலையின் தரமும் கடினமும் பார்க்கப்படும். ஆனால் 30,000-ஐ எதிர்த்து மேசையில் வைக்க ஒரு எண் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பழையவருக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் இரண்டாவது வக்கீலின் பங்கிலிருந்து போக வேண்டியது. அவருக்கு அதில் ஆர்வம் இருக்காது. ‘பழைய லீன் உங்கள் பொறுப்பு’ என்று சிலர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார்கள். இதற்கு மருந்து முன்கூட்டியே: இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ‘முந்தைய வக்கீலுக்குச் சேர வேண்டியது உட்பட மொத்தக் கட்டணம் 40 சதவீதத்தைத் தாண்டாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். நல்ல வக்கீல்கள் மறுப்பதில்லை. அந்த வரி இல்லையென்றால், செக் வந்த பிறகு கேட்பதைவிட சமரசத்துக்குச் சம்மதம் சொல்லும் முன் எழுதி வாங்குவது எளிது.

இனி செக். அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் காலம் ஓடும். ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் சலித்துப்போய்ப் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு விலகினால், தன் வக்கீல் செலவை அந்தத் தொகையிலிருந்தே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. செய்ய வேண்டியது: மூவரும் கையெழுத்திட்டு, இப்போதைய வக்கீலின் கட்சிக்காரர் நம்பிக்கைக் கணக்கில் (கட்சிக்காரர்களின் பணத்தை வக்கீல் தன் பணத்தோடு கலக்காமல் வைக்கும் வங்கிக் கணக்கு) போடுவது. பழையவர் கையெழுத்திட மறுப்பதன் காரணம் பயம், பணம் போய்விடுமே என்று. அதற்கு ஒரு பக்க உடன்பாடு போதும்: தகராறிலுள்ள 30,000 டாலர் கணக்கில் தனியே நிற்கும், மூன்று தரப்பின் எழுத்துச் சம்மதமோ தீர்ப்போ இல்லாமல் யாரும் எடுக்க முடியாது, செக்கில் கையெழுத்திடுவதால் யாருடைய உரிமைக்கோரலும் கைவிடப்பட்டதாக ஆகாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்த பிறகுதான் பேனா நகர்ந்தது.

மீதி 60,000 ஓட ஆரம்பிக்கும்: கைச்செலவு 6,750, மருத்துவ லீன் 14,000, இரண்டாவது வக்கீலின் தகராறற்ற பங்கு 6,000, கட்சிக்காரருக்கு 33,250. தகராறு 30,000-க்குத்தான், 90,000-க்கு அல்ல என்பதைக் கடிதத்துக்குக் கடிதம் சொல்ல வேண்டியிருக்கும். தொழில் நடத்தை விதி 1.15 இதற்குத் துணை. பணம் வந்த 14 நாளுக்குள் வக்கீல் கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தகராறில்லாத பணத்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும், 45 நாள் தாண்டினால் வக்கீல் காரணம் காட்ட வேண்டியிருக்கும். பொதுவான நம்பிக்கைக் கணக்கின் வட்டி ஏழைகளுக்கான சட்ட உதவிக்குப் போகிறது, நமக்கு வராது. பெரிய தொகை நெடுநாள் நிற்கும் என்றால் தனி வட்டிக் கணக்கு கேட்கலாம்.

பேச்சு முறிந்தால் எங்கே போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விபத்து வழக்கு நடந்த அதே நீதிபதியிடம் மனுப் போட்டு லீனை முடிவு செய்யக் கேட்பது இயல்பாகத் தோன்றும். கலிஃபோர்னியாவில் அது வீண் செலவு. லீன் இருக்கிறதா, எவ்வளவு என்பதைப் பழைய வக்கீல் தனி வழக்குப் போட்டுத்தான் நிறுவ வேண்டும் (கரோல் எதிர் இன்டர்ஸ்டேட் பிராண்ட்ஸ், 2002). கட்சிக்காரர் மீது அவர் வழக்குப் போடும் முன், கட்டணத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போகும் உரிமை பற்றி அறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போச்சு. கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் வர மறுக்க முடியாது என்பது இதன் பலம். விண்ணப்பம் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட வக்கீல் சங்கத்தில். முடிவு இருவரையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் டிக் செய்துவிடக் கூடாது. கட்டுப்படுத்தாத முடிவென்றால், அது அனுப்பப்பட்ட 30 நாளுக்குள் கோர்ட்டில் புதிதாக விசாரணை கேட்கலாம். வக்கீலின் கவனக்குறைவுக்கு நஷ்டஈடு இந்த மன்றத்தில் கிடைக்காது, கட்டணத்தைக் குறைக்க அதைச் சொல்லலாம். ஆத்திரத்தில் முதலிலேயே கவனக்குறைவு வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். இரண்டு வக்கீல்களுக்குள் மட்டுமே தகராறு என்றால் இந்த மன்றம் அதற்கானதல்ல.

மேலே சொன்னதெல்லாம் கலிஃபோர்னியாவுக்குத்தான். டெக்சாஸில் காரணமில்லாமல் நீக்கப்பட்ட வக்கீல் முழு ஒப்பந்த சதவீதத்தையே கேட்க முடியும்; அங்கே இருப்பவர்கள் ஃப்ரகாஸை நம்பி வக்கீலை மாற்றக் கூடாது. நியூயார்க்கில் நீதித்துறைச் சட்டம் பிரிவு 475-ன்படி லீன் சட்டத்தாலேயே வருகிறது, கோப்பைப் பிடித்து வைக்கும் உரிமையும் உண்டு. ஊரிலிருந்து வந்த நமக்கு இது எல்லாமே விசித்திரம். இந்தியாவில் வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவதே வக்கீலுக்கு ஒழுங்குக் குற்றம். கோப்பின் மீது லீன் இல்லையென்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களின் வெளியே சதவீதப் பேச்சு நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

பழையவர் கடைசியில் 8,500-க்கு ஒப்புக்கொண்டால், பணத்தை அனுப்பும் முன் லீன் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அதில் வழக்கின் பெயர், விபத்துத் தேதி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் எண், ‘கட்டணம், கைச்செலவு இரண்டுக்கும் இதுவே முழுத் தீர்வு’ என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். கைச்செலவு என்ற சொல் விட்டுப்போனால் இரண்டு மாதம் கழித்து அதற்குத் தனியாக ஒரு பில் வரும். விடுவிப்புக் கடிதத்துக்குள் ‘அவர்மீது எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்’ என்று ஒரு வரி நுழைந்திருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒழுங்குப் புகாரைத் தடுக்கும் நிபந்தனையை வக்கீல் கேட்கவே கூடாது.

உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குப் பொதுவாகக் கூட்டாட்சி வருமான வரி இல்லை. வேலையிடப் பாகுபாடு போன்ற வழக்கென்றால் கதை வேறு: 2005-இல் பேங்க்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வக்கீல் எடுத்துக்கொண்ட பங்கும் கட்சிக்காரரின் வருமானமாகவே கணக்காகும், பிறகு கழிவு கேட்க வேண்டும். யாருக்கு எவ்வளவு போனது என்ற இறுதிக் கணக்கறிக்கையை வக்கீலிடம் கேட்டு வாங்கி வரிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் பதிவுகளைக் கடைசிப் பட்டுவாடாவிலிருந்து ஐந்து ஆண்டுதான் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.