மழையைத் தேடிக் குகைக்குள் போனவர்கள்

மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் என்றதும் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வருகிறது. வானிலிருந்து எடுத்த படங்களில் கருநீல வட்டமாகத் தெரியும் 'பெரிய நீலக் குழி'யும் அதைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும்தான் அந்நாட்டின் சுற்றுலா விளம்பரங்களை நிரப்பியிருக்கின்றன. நான் கடற்கரையில் அதிகம் தங்காமல் உள்நாட்டுக்குப் போய்விட்டேன். அப்பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்கள் கட்டிய நகரங்களையும் அவர்கள் வழிபட்ட குகைகளையும் பார்ப்பதே என் நோக்கமாக இருந்தது. 1981 வரை பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடு என்பதால் ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி; பேச்சுக்குத் தடுமாற வேண்டியதில்லை. பயண முகவர்கள் பண்பாட்டுச் சுற்றுலா என்று ஒன்றையும் சாகசச் சுற்றுலா என்று இன்னொன்றையும் தனித்தனி விலைக்கு விற்கிறார்கள். மேற்கே கயோ மாவட்டத்தில் இந்தப் பிரிவினைக்குப் பொருளே இல்லை. அங்கே சாகசம் என்று நம்மிடம் விற்கப்படுகிற நீச்சலும் பாறையேற்றமும், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் மாயா பூசாரிகள் மழை வேண்டிப் போன அதே வழியில்தான் நடக்கின்றன.

ஆக்தூன் துனிச்சில் முக்னால் என்ற குகையைத்தான் சொல்கிறேன். பெயர் நீளமாக இருப்பதால் உள்ளூரில் எல்லோரும் 'ஏ.டி.எம்.' என்றே சொல்கிறார்கள். சான் இக்னாசியோ ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, டீகெட்டில் என்னும் சிற்றூரில் உள்ளே திரும்ப வேண்டும். வண்டியை விட்டு இறங்கியபின் ரோரிங் க்ரீக் என்னும் ஆற்றை மூன்று இடங்களில் கடந்து, காட்டுக்குள் முக்கால் மணி நேர நடை. குகையின் வாய் நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் அகன்றிருக்கிறது. அதன் அடியிலிருந்து பச்சை கலந்த நீல நிறத்தில் ஆறு வெளியே வருகிறது. வாயிலில் கால் எட்டாத ஆழம். நீந்தித்தான் உள்ளே போக முடியும், தண்ணீரும் நன்றாகவே குளிர்கிறது. அதன்பின் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கணுக்கால் அளவு தண்ணீரிலும் மார்பளவு தண்ணீரிலும் மாறி மாறி நடக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு பாறை விளிம்புகளுக்கு நடுவே கழுத்து மட்டும் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தாடையை உயர்த்தி, நகர்ந்து போக வேண்டியிருந்தது. பைன் பந்தத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, படையலுக்கான பொருள்களையும் சுமந்துகொண்டு இந்த வழியே வந்தவர்களை நினைத்தால், தலைக்கவசமும் விளக்கும் பூட்டிக்கொண்டு வந்த நமக்குச் சாகசம் என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூச்சமாக இருக்கிறது.

நீரோட்டத்தை விட்டு ஒரு பெரும் பாறையின்மேல் ஏறினால் வறண்ட மேல்தளம் வருகிறது. அங்கே செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காலுறையோடு மட்டும் நடக்கச் சொல்கிறார்கள். ஷூவின் அடிப்பாகம் தரையைச் சிராய்க்கும். வெறுங்காலின் எண்ணெய்ப் பசை சுண்ணப் படிவைக் கறைப்படுத்தும். தரையெங்கும் பானைகள் கிடக்கின்றன. உடைந்தவையும் முழுமையானவையும், கவிழ்ந்தவையும் சாய்ந்தவையுமாக, விட்டுச்சென்ற இடத்திலேயே சுண்ணப் படிவு அவற்றைத் தரையோடு ஒட்டவைத்திருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்திருந்த ஒரு பெரிய பானையை அருகில் குனிந்து பார்த்தேன். அதன் வாயிலிருந்து கழுத்துவரை படிவு மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது; வயிற்றுப் பகுதியில் வேண்டுமென்றே போட்ட ஒரு துளை. சடங்கு முடிந்ததும் பானையின் உயிரை விடுவிப்பதற்காக அப்படித் துளையிடுவதோ விளிம்பை உடைப்பதோ வழக்கம் என்று வழிகாட்டி விளக்கினார். ஒரு பானையின் தோள்பட்டையில் விரல் நீளத்துக்குச் சிறிய குரங்கு உருவம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கவென்றே பலர் வருகிறார்கள்.

கேமராவுக்கு அனுமதி இல்லை. 2012-இல் ஒரு பயணியின் கையிலிருந்து நழுவிய கேமரா ஒரு மண்டையோட்டின்மேல் விழுந்து ஓட்டை போட்டுவிட்டது; அதன்பிறகுதான் இந்தத் தடை. அது நல்ல தடை என்றே நினைக்கிறேன். படம் எடுக்க வழியில்லாதபோது, எல்லோரும் எதையாவது பார்த்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

இந்தக் குகையில் குழந்தைகள் உட்பட 14 பேரின் எலும்புகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. கடைசியில், ஓர் ஏணியில் ஏறிப் பார்க்கும் சிற்றறையில், கைகால்களை அகட்டி மல்லாந்த நிலையில் ஒரு முழு எலும்புக்கூடு இருக்கிறது. படிவு மூடியதால் விளக்கொளியில் மின்னுகிறது. 'பளிங்குக் கன்னி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது பதின்வயது ஆணாக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கருதினார்கள், ஆனால் விளம்பரங்கள் கன்னியை விடுவதாக இல்லை. நரபலிக் கதையைத் திகில் கதைபோல் சொல்லி விற்கும் வழக்கம் அங்கே உண்டு. எங்கள் வழிகாட்டி அப்படிச் செய்யவில்லை. இவர்கள் ஏன் இவ்வளவு ஆழத்துக்கு வந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு நடந்தார்.

அந்தக் கேள்விக்குத் தொல்லியல் தரும் விடை தண்ணீர்தான். மழைத்தெய்வமான சாக் குகைகளில் உறைவதாக மாயா மக்கள் நம்பினார்கள்; மேகமும் மழையும் பூமியின் உள்ளிருந்து புறப்படுவதாகக் கருதினார்கள். குகைக்குள் படையலிடுவது பழங்காலந்தொட்டு இருந்த வழக்கம். ஆனால் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் இந்த வழிபாடு தீவிரமடைந்து தனியொரு வறட்சிச் சடங்காகவே மாறியது என்று ஹாலி மோயஸ், ஜெய்மி ஆவே முதலிய ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஆவே பெலீஸ் நாட்டவர். 1990-களில் இந்தக் குகையை ஆராய்ந்தவர். வறட்சிக்கான சான்றும் அதே நாட்டில், இன்னொரு குகையில்தான் கிடைத்தது. தெற்கே உள்ள யோக் பாலும் குகையின் சுண்ணப் படிவு ஒன்றை அடுக்கடுக்காகப் பகுத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 440 முதல் 660 வரை மழை செழிப்பாக இருந்ததையும், 660-க்குப் பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மழை மெல்லக் குறைந்துகொண்டே வந்ததையும் காட்டியது. மழை மிகுந்த காலத்தில் பெருகிய ஊர்களுக்கு, மழை குறைந்த காலத்தில் சோறு போட முடியவில்லை. போர்களும் அரசியல் பூசல்களும் இதில் சேர்ந்துகொண்டன. வறட்சி ஒன்றே காரணம் என்று எந்த ஆய்வாளரும் அடித்துச் சொல்வதில்லை.

பழைய மாயா நகரமான கராகோலைக் குகைக்குப் பிறகு பார்ப்பதே சரி. குவாத்தமாலா எல்லையை ஒட்டிய மலைக்காட்டுக்குள் இருக்கும் இந்தப் பெருநகரத்தின் அருகில் ஆறு கிடையாது. பெய்த மழையைக் குளம் வெட்டித் தேக்கியும், சரிவுகளையெல்லாம் படிவயல்களாக வெட்டி ஈரத்தைப் பிடித்துவைத்தும்தான் இந்நகரத்து மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1985 முதல் இங்கே அகழாய்வு செய்துவரும் ஆர்லன் சேஸ், டயேன் சேஸ் தம்பதியர் 2009-இல் விமானத்திலிருந்து லேசர் கதிர்களால் காட்டை ஊடுருவி அளந்தபோதுதான் அந்தப் படிவயல்களின் முழுப் பரப்பும் தெரியவந்தது. கி.பி. 562-இல், இன்றைய குவாத்தமாலாவில் இருந்த மாயா அரசான திக்கால் தோற்கடிக்கப்பட்டதை இங்குள்ள ஒரு பலிபீடக் கல்வெட்டு குறிக்கிறது. 2025-இல் சேஸ் தம்பதியர் இந்நகர அரசமரபின் முதல்வனுடைய கல்லறையைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். 331-இல் அரியணை ஏறிய அந்த மன்னனின் பெயர் தே காப் சாக். மழைத்தெய்வத்தின் பெயரை அவனும் தாங்கியிருக்கிறான். 'கானா' எனப்படும் 43 மீட்டர் உயரக் கட்டடத்தின்மேல் ஏற இன்றும் அனுமதிக்கிறார்கள். படிகள் நம் முழங்காலுக்குச் செய்யப்பட்டவையல்ல.

ஷுனான்துனிச், லமனாய் ஆகிய நகரங்களையும் பார்க்கலாம், இரண்டும் அழகானவை. ஆனால் நேரம் குறைவாக இருந்தால், இன்னொரு இடிபாட்டைவிடத் தெற்கே டொலேடோ மாவட்டத்தின் கிராமங்களையே நான் பரிந்துரைப்பேன். மாயா நாகரிகம் 'மறைந்துபோனது' என்று எழுதுகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும். மோப்பான், கெக்சி மொழிகளைப் பேசும் மாயா மக்கள் அங்கே சோளமும், சாக்லேட்டுக்கு மூலமான ககாவோவும் பயிரிடுகிறார்கள். வறுத்த ககாவோ விதையை அம்மிபோன்ற கல்லில் அரைத்துப் பருகத் தருகிறார்கள். தங்கள் நிலம் வழக்காற்றின்படி தங்களுடையதே என்று அரசாங்கத்தை எதிர்த்து அவர்கள் நீண்ட காலம் வழக்காடினார்கள். கரீபிய நீதிமன்றம் 2015-இல் அந்த உரிமையை உறுதிசெய்தது. பழைய மாயாக்களின் பானையைக் காட்டிப் பணம் ஈட்டும் நாடு, வாழும் மாயாக்களின் வயலுக்கு உரிமை தர நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு. டொலேடோவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்வதால் எப்போது போனாலும் நனையத் தயாராக இருக்க வேண்டும். ஏ.டி.எம். குகைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். நீச்சல் ஓரளவாவது தெரிந்திருப்பது நல்லது. மாற்று உடையும், கிழியாத காலுறையும் எடுத்துச்செல்லுங்கள். ஆற்றில் நீர் உயர்ந்தால் குகையை மூடிவிடுவார்கள். அன்றைக்கு வழிகாட்டியோடு வாதாடாமல் பயணத்தை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளும்படி திட்டத்தில் ஓரிரு நாள் இடம் விட்டுவையுங்கள்.