'ங்க' போடும் இடம்

பெருந்துறையில் டவுன் பஸ் ஏறி, கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் இறங்கி, தென்னந்தோப்பு ஓரமாக நடந்தால் நம் பள்ளி. மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது 1991இல் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஆங்கில இலக்கண வகுப்புதான். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வரும் பீரியட். ஆனாலும் யாரும் தூங்கியதில்லை.

எங்கள் டீச்சர் இங்கிலீஷைத் தமிழை வைத்தே சொல்லிக் கொடுத்தார். அதுவும் பாடப்புத்தகத் தமிழை வைத்து அல்ல, நாங்கள் வீட்டில் பேசும் தமிழை வைத்து. முதல் நாள் கரும்பலகையில் 'போடு' என்று எழுதிவிட்டு, "இதோட என்னென்ன சேருதுன்னு சொல்லுங்க கண்ணு" என்றார். கோலம் போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு என்று ஆளாளுக்குக் கத்தினோம். யாரோ 'தள்ளிப் போடு' என்றார்கள். டீச்சர் அதை மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் 'புட் ஆஃப்' என்று எழுதினார். புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி. கல்யாணத்தைத் தள்ளிப் போடும்போது யாரும் எதையும் தூக்கித் தள்ளிப் போடுவதில்லை. இரண்டு சொல்லும் சேர்ந்து வேறு ஒரு பொருளாகிவிடுகிறது. அடுத்து 'விட்டுக்கொடு'. அதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அதுதான் 'கிவ் இன்' என்றார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பேரைக் கேட்டு மிரண்டு கிடந்த வகுப்பு அன்றைக்கே தெளிந்துவிட்டது. நூறு ஃப்ரேசல் வெர்ப்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன்.

பயிற்சிக்குக் கிணற்று மோட்டார். 'டர்ன் ஆன் த மோட்டார்' என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் மோட்டாரை எடுத்துவிட்டு 'இட்' போட வேண்டும். 'டர்ன் ஆன் இட்' என்றால் தப்பு, 'டர்ன் இட் ஆன்' என்று 'இட்' நடுவில் வர வேண்டும். சரி, பிடிபட்டது என்று நினைக்கும்போது எருமை வரும். 'லுக் ஆஃப்டர் த பஃபலோ.' இங்கே 'லுக் இட் ஆஃப்டர்' என்று பிரிக்க முடியாது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து, மோட்டாரும் எருமையும் மாறி மாறிச் சொல்வோம். "பெரிய சொல் ஏமாத்தும், பின்னாடி வர்ற சின்னச் சொல்லைப் பாரு" என்பார்.

அந்த ஒரு பேச்சை மறந்து நான் பட்டிருக்கிறேன். 1998இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. வெளிநாட்டு பையர் போனில், இரண்டாவது லாட்டை 'கால் ஆஃப்' செய்ய வேண்டிவரலாம் என்றார். கால் என்றதும், மறுபடி கூப்பிடுவார் போல என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது, ஆர்டரையே ரத்து செய்ய நேரலாம் என்று. உண்மை தெரிந்தபோது துணி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. அன்று இரவு டீச்சரின் குரல் காதிலேயே இருந்தது.

அப்ஸ்ட்ராக்ட் நவுன் எங்களுக்குச் சுலபம். பொறுமை, நேர்மை, வறுமை என்று 'மை' சேர்த்தால் தமிழில் பண்புப்பெயர் கிடைத்துவிடும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கு ஊர் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால் டீச்சர் அதைச் சொந்த ஊர்ச் சொத்துப் போலவே பேசுவார். இங்கிலீஷில் ஒரே வால் கிடையாது. வீக் 'வீக்னஸ்' ஆகும், ஸ்ட்ராங் 'ஸ்ட்ரெங்த்' ஆகும், வைஸ் 'விஸ்டம்' ஆகும். அதை மட்டும் எழுதி எழுதித்தான் படித்தோம்.

கேன், குட், மஸ்ட் மாதிரியான மோடல் வெர்ப்களுக்குத்தான் டீச்சர் அதிக நாள் எடுத்துக்கொண்டார், எடுக்க வேண்டியதும்தான். 'முடியும்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு 'ஐ கேன் ஏபிள் டு' என்று எழுதாதவர் எங்கள் வகுப்பில் இல்லை. கேன் என்றாலே முடியும், ஏபிள் என்றாலும் முடியும், இரண்டு முறை எதற்கு என்று கேட்டுக் கேட்டு அடித்துவிடுவார். அதைவிடச் சிக்கல் 'வேண்டாம்'. கீழ்பவானியில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கும், அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கும் தண்ணீர் விடுவார்கள். டீச்சர் அதையே பாடமாக்கினார். நம் முறை இல்லாதபோது மடையைத் திறக்க வேண்டாம் என்றால், திறக்கக் கூடாது என்று பொருள். அது 'மஸ்ட் நாட்'. நல்ல மழை பெய்து வயல் நிறைந்திருக்கும்போது திறக்க வேண்டாம் என்றால், அவசியமில்லை என்று பொருள். அது 'நீட் நாட்'. தமிழில் ஒரே வேண்டாம், இங்கிலீஷில் இரண்டு. வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒருநாள், 'கேன் யூ'வுக்கும் 'குட் யூ'வுக்கும் என்ன வித்தியாசம் என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. குட் என்பது கேனுக்கு இறந்தகாலம்தானே, நாளைக்கு நடக்க வேண்டியதைக் கேட்க அது எதற்கு? டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தண்ணி தர முடியுமான்னு கேப்பியா, தர முடியுங்களான்னு கேப்பியா?" என்றார். தர முடியுங்களா என்றுதான் என்று வகுப்பே சொன்னது. "அவ்வளவுதான் கண்ணு. நாம 'ங்க' போடற இடத்துல அவங்க குட் போடறாங்க."

இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. லெஸ்டரில் முதல் வேலையில், என்னைவிட மூத்த ஒரு அம்மாவிடம் 'யூ மஸ்ட் சைன் ஹியர்' என்று படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார், முகம் மட்டும் சுருங்கிவிட்டது. 'ங்க' போடாமல் பேசிவிட்டேன் என்று உடனே உறைத்தது. மறுநாள் 'குட் யூ' என்று கேட்டேன். நின்று பேசிவிட்டுப் போனார்.

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அவர்களுக்குப் பாடம் தலைகீழ். குட் தெரியும், 'ங்க' தெரியாது. போன வாரம் 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர்' என்பதைத் தமிழில் கேட்கச் சொன்னேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி ரொம்ப நேரம் யோசித்து, "எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்றாள். என் பாட்டிலையே எடுத்துக் கொடுத்தேன்.