ஆபரேஷன் சீட்டு இருக்கா அக்கா?

மன்னார்குடில ஒரு மகப்பேறு க்ளினிக்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி ஹிஸ்டரி எடுக்கற டேபிள் என்னோடது. மாசமா இருக்கறவங்க, கொழந்தைக்காக வர்றவங்க எல்லாம் காலைலயே டோக்கன் போட்டுருவாங்க. 45 தாண்டினவங்க அப்படி வரமாட்டாங்க. மருமக செக்கப்புக்கு துணைக்கு வந்திருப்பாங்க, மாத்திரையெல்லாம் வாங்கி பஸ்ஸுக்கு கெளம்பற நேரத்துல மருமகள வெளில ஒக்கார வச்சுட்டு உள்ள வந்து "சும்மா ஒரு பிபி பாருங்க சிஸ்டர்"ம்பாங்க. பிபி சரியாத்தான் இருக்கும். பட்டைய கழட்டி மடிச்சு வைக்கறதுக்குள்ள ஒவ்வொண்ணா வரும், உடம்பு காந்துது, மொகத்துல குப்புனு ஏறுது, ராத்திரி ரெண்டு மணிக்கு ரவிக்கையெல்லாம் நனஞ்சு முழிப்பு வந்தா அதோட தூக்கம் போச்சு, புள்ளைங்க மேல காரணமே இல்லாம எரிஞ்சு விழறேன், பங்குனி திருவிழாவுல வெண்ணெய்த்தாழி பாக்க நின்னேன், கூட்டத்துல மூச்சு முட்டி பாதிலயே வந்துட்டேன்.

நடவு, களையெடுப்பு நடக்கற மாசத்துல இவங்களும் வரமாட்டாங்க. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா இங்க ஆத்துல தண்ணி வந்து சேந்து குறுவை நடவு ஆரம்பிச்சுடும், கூலி கெடைக்கற நாள யாரு வுடுவா. நட்டு முடிச்சு கொஞ்சம் ஓஞ்ச பிறகுதான் காந்தலும் எரிச்சலும் எங்க டேபிளுக்கு வரும். சித்திரை வைகாசில வந்தா இன்னும் கஷ்டம், வெயில்ல வேக்குதா உள்ளேருந்து வேக்குதான்னு அவங்களுக்கே பிரிச்சு சொல்ல தெரியாது. நான் கேக்கறது ஒண்ணுதான், விடியக்காலம் வேப்பமரத்து காத்துல படுத்திருக்கும்போதும் வருதா? ஆமான்னா இது தீட்டு நிக்கற காலத்து (மெனோபாஸ்) காந்தல்தான்னு எனக்கு பாதி புரிஞ்சுடும்.

காரணம் ரொம்ப சுத்தி வளைக்க வேண்டியதில்ல. முட்டைப்பை ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் சுரக்கறத கொறச்சுக்கிட்டே வருது, அது கொறஞ்சா மூளைல உடம்பு சூட்ட பாத்துக்கற ஹைப்போதலாமஸ்ங்கற எடம் தொட்டாசிணுங்கி மாதிரி ஆயிடுது, துளி சூடு ஏறினாலும் ஐயோ வெந்துட்டோம்னு ரத்தக்குழாய விரிச்சு வேர்வைய கொட்டிடும். 12 மாசம் தொடர்ந்து தீட்டு வரலன்னாதான் நின்னுபோச்சுன்னு கணக்கு. வெள்ளைக்கார நாடுகள்ல சராசரி 51 வயசு, நம்ம நாட்டுல 46, 47லயே நின்னுடுது. காந்தல் ஏதோ ரெண்டு மாசத்துல போயிடும்னு நெனைக்கறாங்க, நெறைய பேருக்கு ஏழு வருஷம் வரைக்கும்கூட ஓடும்.

இதுக்கு நல்ல மருந்து இருக்கு. கொறஞ்ச ஈஸ்ட்ரோஜன கொஞ்சமா திரும்ப குடுக்கறது, மாத்திரையா இல்லன்னா தோல்ல தடவற ஜெல்லா. குடுத்தா சில வாரத்துலயே காந்தல் முக்கால்வாசி கொறஞ்சுடும். ஆனா டாக்டர் பேனாவ எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு கேள்விக்கு பதில் எழுதி வச்சிருக்கணும், கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா, எடுத்திருந்தா முட்டைப்பையும் சேத்து எடுத்தாங்களா. அங்கதான் என் வேலை மாட்டிக்கிட்டு நிக்கும்.

ஏன்னா கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்தா அதோட உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், அப்படியே வுட்டா புத்துநோய்ல கொண்டுபோய் விடலாம், அதனால கூடவே ப்ரோஜெஸ்ட்ரான்ங்கற இன்னொரு ஹார்மோனும் கண்டிப்பா குடுக்கணும். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். முட்டைப்பை ரெண்டையும் எடுத்திருந்தா கதையே வேற, 36 வயசுல எடுத்தா 36லயே எல்லாம் ஒரே ராத்திரில நின்னுபோச்சுன்னு அர்த்தம், காந்தல் மட்டுமில்ல எலும்பும் இதயமும் சேந்து அடி வாங்கும், வேற தடை ஏதும் இல்லன்னா அந்தமாதிரி ஆளுங்களுக்கு இயல்பா நிக்கற வயசு வரைக்குமாவது ஹார்மோன் குடுக்கணும்ங்கறதுதான் டாக்டருங்க பொதுவா சொல்றது.

இப்ப நான் கேக்கறேன், அக்கா ஆபரேஷன்ல என்னென்ன எடுத்தாங்க? "கட்டி இருந்துச்சாம், எடுத்துட்டாங்க." கட்டிய மட்டுமா, பையவா? "பையத்தான்னு நெனைக்கறேன். எங்க வூட்டுக்காரர்கிட்டதான் கையெழுத்து வாங்குனாங்க." வீட்டுக்காரர் வெளில டீக்கடைல நிப்பாரு, கூப்பிட்டு கேட்டா அவரு எவ்வளவு செலவாச்சுன்னு பைசா சுத்தமா சொல்லுவாரு, எதை எடுத்தாங்கன்னு தெரியாது. சீட்டு இருக்கான்னு கேட்டா திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து ஆளுங்க பதில் ஒண்ணுதான், கஜால போச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலம் அடிச்ச புயல்ல கூரை போயி ட்ரங்க் பொட்டிக்குள்ள தண்ணி பூந்து ரேஷன் கார்டு, பட்டா, புள்ளைங்க சர்டிபிகேட் எல்லாம் ஊறிப்போச்சு. ரேஷன் கார்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் நடையா நடந்து திரும்ப வாங்கினாங்க, டிஸ்சார்ஜ் சீட்டுக்கு யாரு நடப்பா? புயல மட்டும் குத்தம் சொல்லவும் மாட்டேன், ஒழுங்கா வச்சிருக்கற சீட்ட பாத்தாலும் டாக்டர் கையெழுத்துல ஒரு சுருக்கெழுத்து வரி, அதுக்கு அர்த்தம் அந்தம்மாவுக்கு யாரும் தமிழ்ல சொன்னதே இல்ல.

வயித்துல தழும்ப பாத்து எதை எடுத்தாங்கன்னு சொல்லிடமுடியாது. ஸ்கேன்ல கர்ப்பப்பை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும், முட்டைப்பை வயசானா சுருங்கிடறதால இருந்தாலும் சில பேருக்கு கண்ணுல படாது. அதனாலதான் நான் சுத்தி சுத்தி கேப்பேன். ஆபரேஷன் முடிஞ்ச அந்த மாசமே காந்தல் வந்துச்சா, இல்ல நாலஞ்சு வருஷம் கழிச்சு மெதுவா வந்துச்சா? தையல் பிரிக்க போன அன்னிக்கே வேத்து கொட்டுச்சுன்னு ஒருத்தங்க சொன்னா நான் ஓரத்துல கோடு போட்டு வச்சுடுவேன், டாக்டரும் அத மொதல்ல பாப்பாங்க.

கோட்டூர் பக்கத்துலேருந்து ஒரு நடவாளு அக்கா வந்தாங்க, 40 வயசுதான் இருக்கும், பாத்தா அம்பதுக்கு மேல சொல்லலாம். மூட்டு வலின்னு வந்தாங்க. நாத்துமுடிய கைல எடுத்துட்டு வரப்புல நிக்கும்போதே மயக்கம் மாதிரி வருதாம், கூட நடறவங்க இவளுக்கு ஏதோ புடிச்சிருக்குன்னு கோயிலுக்கு கூட்டிட்டு போயி மந்திரிச்சு கயிறெல்லாம் கட்டியிருந்தாங்க, அதுக்கு முன்னாடி எங்கெங்கயோ காட்டி கேஸ் மாத்திரை, சத்து ஊசி, கடைசில தூக்க மாத்திரை. வீட்டுக்காரர் பக்கத்துல படுக்கறதே பயமா இருக்குன்னு சொல்லும்போது தலைய குனிஞ்சுக்கிட்டாங்க, வறட்சி, எரிச்சல். நல்லவேளை அவங்க அத்தாச்சி ஒருத்தவங்க அந்த ஆபரேஷன் ஃபைல தன்னோட சீட்டுப்பணக் கணக்கு நோட்டுக்குள்ள வச்சு காப்பாத்தியிருந்தாங்க, அடுத்த தடவை எடுத்துட்டு வந்தாங்க, கர்ப்பப்பையோட முட்டைப்பை ரெண்டும் எடுத்ததுன்னு தெளிவா இருந்துச்சு. மார்பு பரிசோதனை, சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் பாத்துட்டு டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதினாங்க. காலைல குளிச்சுட்டு தடவுனா வயல்ல எறங்கி வேர்வைல போயிடும், அதனால ராத்திரி ஒடம்பு கழுவிட்டு கைல தடவி காயவிட்டு படுங்க, காயறதுக்குள்ள பேரப்புள்ளைய தூக்காதீங்க, மார்ல தடவக்கூடாதுன்னு நான் சொல்லி அனுப்பினேன். அடுத்த மொறை வந்தப்ப மூட்டு வலிய பத்தி பேச்சே எடுக்கல, "தூங்கறேன் பாப்பா"ன்னாங்க. அவங்கள விட நான் வயசுல பெரியவ, ஆனாலும் பாப்பாதான்!

எல்லாரும் இப்படி ஒத்துக்கறதில்ல. படிச்சவங்கதான் அதிகமா பயப்படறாங்க. ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க ஹார்மோன்னு சொன்னதுமே கைய உதறிட்டாங்க, அது கேன்சர் மாத்திரைன்னு. அந்த பயம் எங்கேருந்து வந்துச்சுன்னா 2002ல அமெரிக்கால விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு பெரிய ஆராய்ச்சில ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்ட்ரான் மாதிரி மருந்தும் சேத்து குடுத்த பிரிவ பாதில நிறுத்தினாங்க, மார்பு புத்துநோய் கூடுதுன்னு உலகம் பூரா செய்தி, ஹார்மோன் போட்டுக்கிட்டிருந்தவங்க கூட்டங்கூட்டமா நிறுத்திட்டாங்க. எங்க டாக்டர் டீச்சருக்கு பொறுமையா கணக்கு போட்டு காட்டினாங்க, வருஷத்துக்கு 10,000 பேர்ல ஹார்மோன் சாப்புடாதவங்க பக்கம் 30 பேருக்கு வந்துச்சு, சாப்புட்டவங்க பக்கம் 38 பேருக்கு. அதுல சேந்தவங்க சராசரி வயசு 63, நம்மகிட்ட வர்றவங்களுக்கு 47, 48. அவங்களுக்கு குடுத்ததும் சினையா இருக்கற குதிரையோட மூத்திரத்துலேருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் (இத சொன்னதும் டீச்சர் மொகம் போன போக்க பாக்கணுமே), இப்ப நாம எழுதறது பெரும்பாலும் நம்ம முட்டைப்பை சுரக்கற அதே எஸ்ட்ராடையால். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்த இன்னொரு பிரிவுல மார்பு புத்துநோய் கூடவே இல்ல, பக்கவாதம் கொஞ்சம் கூடுச்சு, அதையும் டாக்டர் மறைக்கல. 60 வயசுக்குள்ள, நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா பெரும்பாலானவங்களுக்கு நஷ்டத்த விட லாபம்தான் அதிகம்ங்கறது இன்னிக்கு நெலமை. 2025 நவம்பர்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ.வே இந்த ஹார்மோன் மருந்தோட குறிப்புச்சீட்டுல கருப்பு கட்டம் கட்டி போட்டிருந்த கடுமையான எச்சரிக்கையில பெரும்பகுதிய எடுக்கப்போறோம்னு அறிவிச்சுடுச்சு. டீச்சர் யோசிச்சு சொல்றேன்னு போனவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க, அதுவும் அவங்க இஷ்டம், அவங்களுக்கு தொந்தரவும் கம்மிதான்.

இதுக்கு நேர் எதிரா இப்ப ரீல்ஸ் பாத்துட்டு ஒரு கூட்டம் வருது. ஹார்மோன் பேலன்ஸ் பவுடர், ஹார்மோன் பேலன்ஸ் டீ, பத்து விதமான ரத்த டெஸ்ட் பேக்கேஜ். நிக்கற சமயத்துல ஹார்மோன் இன்னிக்கு ஒரு அளவு நாளைக்கு ஒரு அளவுன்னு ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் ரத்தம் எடுத்து என்னத்த பேலன்ஸ் பண்றது? 45 தாண்டினவங்களுக்கு காந்தலும் தீட்டு கணக்கும் போதும், முட்டைப்பைய தூண்டற ஹார்மோன அளக்கற எஃப்.எஸ்.ஹெச் ரத்த டெஸ்டே பெரும்பாலும் தேவைப்படாது. 40க்கு கீழன்னா அப்ப கண்டிப்பா டெஸ்ட் பாக்கணும். பெரண்டை தொவையலும் எள்ளுருண்டையும் கேவுரு கூழும் நல்லா சாப்புடுங்கன்னு நானே சொல்லுவேன், ஆனா அது காந்தல நிறுத்தும்னு சொல்லமாட்டேன்.

என்னோட பெரிய தலைவலி ரெண்டு மாத்திரை விவகாரம். கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் எழுதுவாங்க, ராத்திரிக்கு ப்ரோஜெஸ்ட்ரானும் எழுதுவாங்க. ஈஸ்ட்ரோஜன் போட்டா சொகமா இருக்கு, இன்னொண்ணு போட்டா அசத்துது, வெலையும் சேருது, அப்ப எத நிறுத்துவாங்க? அந்த ராத்திரி மாத்திரையத்தான். மெடிக்கல்லயும் ஒரு பட்டைய மட்டும் குடுங்கன்னா கேள்வி கேக்காம கிழிச்சு குடுத்துடறாங்க. அதனால நான் சீட்டுல ரெண்டையும் பேனாவால ஒரே வட்டத்துக்குள்ள போட்டு, காசு பத்தலன்னா ரெண்டையும் சேத்து நிறுத்திட்டு எங்கிட்ட வாங்க, ஒண்ண மட்டும் போடாதீங்கன்னு சொல்லி அனுப்பறேன். அசத்தறது நல்லதுதானே, படுக்கப்போகும்போது போடுங்க, தூக்கமும் வரும். அப்புறம் நின்னு வருஷம் ஆன பிறகு ரத்தம் பட்டா அது சொட்டா இருந்தாலும் சரி, மருந்து சாப்புட்டாலும் சாப்புடலைன்னாலும் சரி, ஒடனே வரணும். ஒரு ஆயி "திரும்ப வயசுக்கு வந்துட்டேன்டி"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்துச்சு, நல்லவேளை சிரிச்சுட்டு வூட்லயே இருந்துடல, ஸ்கேன் பாத்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினோம், பயப்படற மாதிரி ஒண்ணும் வரல.

நானும் இப்ப இந்த லைன்லதான் நிக்கறேன். பிரசவ வார்டுல கவுனும் மாஸ்க்கும் போட்டுட்டு நிக்கும்போது முதுகுல ஆறா ஓடும், சின்ன புள்ளைங்க ரெண்டு பேரு டூட்டில இருக்காங்க, என்ன பாத்தா ஃபேனுக்கு கீழ ஸ்டூல இழுத்து போட்டுட்டு ஓடிடும்ங்க. நைட் ஷிஃப்ட்டுதான் முடியல, பகல்லயும் தூக்கம் வராது ராத்திரியும் கெடையாதுன்னா மருந்து அளந்து எடுக்கற கை நடுங்குது, அத டாக்டர்கிட்ட நேரா சொன்னேன், நைட்ட கொறச்சு குடுத்தாங்க. இத கேட்டு வாங்க எனக்கு வாய் இருந்துச்சு. வரப்புல நிக்கற அக்கா யார்கிட்ட கேப்பாங்க, மேஸ்திரிகிட்டயா?

ஹார்மோன் குடுக்கக்கூடாதவங்களும் இருக்காங்க, மார்பு புத்துநோய் வந்தவங்க, கால்ல ரத்தம் உறைஞ்சவங்க, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்தவங்க, ஈரல் கெட்டவங்க. அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கு, அவ்வளவு கேக்காட்டாலும் ஓரளவு கேக்கும். வறட்சியும் ஒண்ணுக்கு எரிச்சலும் மட்டும்தான்னா பிறப்புறுப்புக்குள்ள வைக்கற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போதும், அது ரத்தத்துல ரொம்ப கொஞ்சம்தான் சேரும், அதுக்கு ப்ரோஜெஸ்ட்ரானும் தேவையில்ல. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு வருஷக்கணக்கா அனுபவிக்கறது இதத்தான்.

2021லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வூட்டு திண்ணைக்கே வருது, நல்ல திட்டம், எங்க அம்மாவும் அதுல வாங்கறாங்க. மாசமா இருக்கும்போது பொண்ணுக்கு நம்பர் போட்டு ஒவ்வொரு ஊசியும் எழுதி வைக்கறோம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் முடிஞ்ச பிறகு அதே பொண்ணுக்கு தீட்டு எப்ப நின்னுச்சு, பைய எடுத்தாங்களான்னு கேட்டு எழுத ஒரு கட்டம் போட்டா என்ன கொறைஞ்சுடும்?

எங்க க்ளினிக்ல இப்ப நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன். ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் டிஸ்சார்ஜ் ஃபைல் மொதல் பக்கத்துல தமிழ்ல பெருசா எழுதறேன், கர்ப்பப்பை எடுத்தது, வலது முட்டைப்பை உள்ளது, இடது எடுத்தது, தேதி. டாக்டர் பாத்து கையெழுத்து போடுவாங்க. அத மகனோ மகளோ யாராவது ஒருத்தர் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சாதான் ஃபைல கைல குடுப்பேன். போன வாரம் வலங்கைமான்லேருந்து வந்த ஒருத்தங்களுக்கு சீட்டு இல்ல, திருப்பூர்ல இருக்கற பையனுக்கு ஃபோன் போட்டாங்க, அவன் பனியன் கம்பெனிலேருந்து வாட்ஸப்ல அனுப்பினான். முட்டைப்பை ரெண்டும் இருக்கு. அத அப்படியே ஹிஸ்டரில எழுதிட்டு அடுத்த டோக்கன கூப்புட்டேன்.