பழைய தலப்படத்தில் ஒரு மலைப்பாதை

ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்ட கொடைக்கானல் மலையின் பழைய தலப்பட (நில அமைப்பைக் காட்டும் வரைபட) நகல் ஒன்று, சில மாதங்களாக என் மேசையில் விரிந்தே கிடக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் ஊர்ப்பெயர்கள் தேய்ந்திருந்தாலும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து, செங்குத்தில் நெருங்கியும் சமதளத்தில் விலகியும் ஓடும் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் மங்கவில்லை.

மேற்கே மன்னவனூர்ப் பக்கம், இன்று பைனும் யூகலிப்டசும் நிற்கும் சரிவுகள் பல, படத்தில் மரக்குறி எதுவுமின்றி வெறுமையாக இருக்கின்றன. ஓடைகள் பிறக்கும் மடிப்புகளில் மட்டும் பச்சை நிறம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கிறது. பச்சையாகத் தெரிவது சோலை எனப்படும் மலைக்காடு. வெறுமையாகத் தெரிவது புல்வெளி. 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் மட்டும் பழனி மலையின் மேட்டுப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மரத்தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இழப்பின் அளவை உணர, எனக்கு எந்த எண்ணையும்விட இந்த வெற்றுத்தாளே அதிகம் உதவியது.

ஆனாலும் என் விரல் திரும்பத் திரும்பப் போய் நிற்பது தெற்குச் சரிவில், அடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்ற மலையூர் வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் புள்ளிக்கோட்டில்தான். 1,500 மீட்டருக்கும் மேலான ஏற்றம் அது. நீரோடும் பள்ளத்தை வழியாகக் கொள்ளாமல், இரண்டு ஓடைகளுக்கு நடுவே இறங்கும் மலைமுதுகைப் பற்றியே அந்தக் கோடு பெரும்பாலும் போகிறது. மழைக்காலத்தில் பள்ளத்தில் பாறையும் வெள்ளமும் உருளும் என்பதை அறிந்த கால்கள் தேர்ந்த வழி அது. நெருக்கியடித்து வரும் உயரக் கோடுகள் சற்றே விலகி மூச்சுவிடும் இடத்தில் வெள்ளகவி அமர்ந்திருக்கிறது. மோட்டார் சாலையை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு அது எட்டாத மூலையாகத் தோன்றும். படத்திலோ மலைக்கும் அடிவாரத்துக்கும் இடைப்பட்ட தங்குமிடமாகத் தெரிகிறது.

மாசி மாதத்தில் நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கினேன். ஊருக்குக் கீழே ஓரிடத்தில் இரண்டு கோடுகளுக்கிடையே சிறிது அகலம் இருந்ததைப் பென்சிலால் முன்பே வட்டமிட்டிருந்தேன். அங்கே, தலைச்சுமையைக் குனியாமல் இறக்கிவைக்கும் உயரத்தில், மேல்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்த ஒரு பலகைக்கல் நின்றது.