பகுதி எண் இல்லாத முன்னேற்ற அறிக்கை

“இம்மாதம் 85 வீதி விளக்குகள் திருத்தப்பட்டன.” உள்ளூராட்சி சபைகளின் முன்னேற்ற அறிக்கையில் இப்படி ஒரு வரி இல்லாமல் இராது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். எத்தனை முறைப்பாட்டுக்கு 85? போன மாதம் தீராமல் கிடந்தவை எத்தனை? பழுதென்று சொன்ன நாளுக்கும் எரிந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? பின்னத்தில் மேலே தொகுதி எண், கீழே பகுதி எண் என்று ஆறாம் வகுப்பில் படித்திருப்போம். எங்கள் சபைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் அறிக்கைகளில் மேலே உள்ளது மட்டும் இருக்கும். கீழே உள்ளதைக் காணோம்.

யாழ் மாவட்டத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 17. யாழ்ப்பாணம் மாநகர சபை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி நகர சபைகள். மிகுதி 13 பிரதேச சபைகள். மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம், நகர சபைக்கு 1939 இன் 61, பிரதேச சபைக்கு 1987 இன் 15. சட்டம் மூன்றானாலும், தன் வேலையைத் தானே அளந்து பார்க்க ஒரு சபைக்குத் தேவையான பதிவேடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவை அநேகமாக அலுவலக அலுமாரியிலேயே கிடக்கின்றன. கூட்டி எழுதத்தான் ஆளில்லை.

வீதி விளக்குப் பதிவேட்டையே எடுப்போம். முறைப்பாட்டு இலக்கம், திகதி, மின்கம்ப இலக்கம், வட்டாரம், பழுது என்ன (குமிழா, வயரா, சுவிட்சா), திருத்திய திகதி, களஞ்சியத்திலிருந்து பொருள் எடுத்த சீட்டின் இலக்கம் என ஏழு நிரல் போதும். வழக்கமாகப் பிழைப்பது ஆறாவது நிரல். திருத்திய திகதியை அன்றன்று எழுதாமல் மாத முடிவில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். பக்கத்தைப் பார்த்த உடனேயே தெரியும். அப்படி இருந்தால் களஞ்சியப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். 85 விளக்கு திருத்தியதாக இங்கே இருக்க, 40 குமிழ் மட்டும் வெளியே போயிருந்தால் உடனே களவென்று முடிவு கட்ட வேண்டாம். வயர் கழன்றிருந்தால் குமிழ் தேவைப்படாது. ஆனால் கேள்வி கேட்கலாம். அதே மின்கம்ப இலக்கம் மூன்று மாதத்தில் மூன்று தரம் வந்தால், அறிக்கையில் அது மூன்று சாதனை. உண்மையில் அது தரமில்லாத குமிழ். உத்தரவாதக் காலத்துக்குள் எரிந்து போனதை வழங்குநரிடம் திருப்பிக் கொடுத்தார்களா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

நாட்கணக்கைச் சராசரியாகச் சொல்வதும் ஏமாற்றும். பத்து முறைப்பாடுகள் தீர எடுத்த நாட்கள் 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 30, 44 என்று வைப்போம். சராசரி 10 நாள். ஆனால் எட்டுப் பேருக்கு ஐந்து நாளுக்குள் வேலை முடிந்துவிட்டது. நடுவில் நிற்பவருக்கு மூன்று, நான்கு நாள். சராசரியைச் சொன்னால் நன்றாக வேலை செய்த மின்பணியாளருக்கு அநியாயம். அதோடு 30 நாளும் 44 நாளும் காத்திருந்த இரண்டு பேர் கணக்குக்குள் மறைந்து போகிறார்கள். அந்த இரண்டையும் தனியே எடுத்துப் பார்த்தால்தான் காரணம் வரும். இரண்டு சபைகளின் எல்லையில் கிடக்கும் ஒழுங்கையாக இருக்கலாம், மின்சார சபை வந்து இணைப்பைத் தொட வேண்டிய இடமாக இருக்கலாம். எல்லை ஒழுங்கை யாருடையது என்பது யாழ்ப்பாணத்தில் விளக்கை விடப் பழைய பிரச்சினை.

அடுத்தது வரி. ஆதனவரி என்று சட்டம் சொல்லும். எங்கள் வீடுகளில் இன்னும் சோலைவரிதான். ஆண்டுப் பெறுமானம் (வருடத்துக்குக் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீடு) 10,000 ரூபா, வரிவீதம் நூற்றுக்கு 8 என்றால் வருடத்துக்கு 800 ரூபா, காலாண்டுக்கு 200. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, ஆக 720. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சபை தன் வசூலைச் சொல்லும்போதுதான் கணக்கு நழுவுகிறது.

உதாரணத்துக்கு ஒரு சபை. வருடத் தொடக்கத்தில் பழைய நிலுவை 60 இலட்சம். இந்த வருடம் விதித்த வரி 40 இலட்சம். வசூல் 45 இலட்சம், அதில் நடப்பு வருடத்துக்குரியது 30, பழையதுக்குரியது 15. இப்போது மூன்று பதில் சொல்லலாம். 45ஐ 40ஆல் பிரித்து “112 வீத வசூல்” என்று பெருமைப்படலாம். அப்படி எழுதிய அறிக்கைகளும் உண்டு. நடப்பு வருடத்தில் 75 வீதம், பழையதில் 25 வீதம் என்று பிரித்துச் சொல்லலாம். அல்லது வசூலிக்க வேண்டிய நூறு இலட்சத்தில் 45 வந்தது, 55 அடுத்த வருடத்துக்குப் போகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். பிந்திய இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சபையை நம்பலாம். கழிவாகக் கொடுத்த தொகையைப் பதிவேட்டில் தனியே கழித்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 720 கட்டியவரின் பெயரில் 80 ரூபா நிலுவை நிற்குமானால், இல்லாத கடனை வருடா வருடம் சுமக்கிறார்கள் என்று பொருள்.

நிலுவையை வயதுவாரியாகப் பிரிப்பது அடுத்த படி. ஒரு வருடத்துக்கு உட்பட்டது, மூன்று வருடம் வரை, ஐந்து வரை, அதற்கு மேல். எங்கள் பக்கத்தில் பழைய நிலுவைக்குத் தனிக் காரணங்கள் உண்டு. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, வீடு பூட்டிக் கிடக்கும். பதிவேட்டில் காலமான பாட்டனாரின் பெயர் இருக்கும். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் மதிப்பீட்டுப் பதிவையே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். இவற்றை எல்லாம் “மக்கள் ஒத்துழைப்பு இல்லை” என்ற ஒற்றை வரிக்குள் போட்டு மூடுவது சோம்பல். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் இருப்பவர்களின் நிலுவை வேறு கதை. சொத்தைக் கைப்பற்றி அறவிடும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. வட்டாரத்து வாக்கை நினைத்து யாரும் அதைத் தொடுவதில்லை.

வருமானத்தைப் பார்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைக்கு வருபவை. காணி விற்பனை கூடிய வருடம் முத்திரை வரி தானாகக் கூடும். அதில் சபையின் கெட்டித்தனம் எதுவும் இல்லை. ஆகவே சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆகிய சொந்த வருமானத்தைத் தனியே கூட்டி, போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும்.

கழிவகற்றலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘லோட்’ (உழவு இயந்திரப் பெட்டி ஒரு தரம் ஏற்றிப் போவது) என்பது நிறையல்ல. அரைப் பெட்டியும் ஒரு லோட், குவித்துக் கட்டியதும் ஒரு லோட். தராசு இல்லாத சபை, மாதத்தில் ஒரு கிழமை தொடர்ந்து ஏழு நாளும் பெட்டி கால், அரை, முக்கால், முழு என்று குறித்தாலே போதுமான படம் கிடைக்கும். அதை உழவு இயந்திரத்தின் ஓட்டப் பதிவேட்டோடும் டீசல் கட்டளைச் சீட்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாரியில் ஈரக் குப்பை பாரமாக இருக்கும்; மார்கழியையும் சித்திரையையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

இத்தனையையும் கேட்க வேண்டிய இடம் மாதாந்த அமர்வு. கணக்காய்வாளர் வருவது காரியம் முடிந்து ஒரு வருடம் கழித்து. உறுப்பினர் இருப்பது மாதாமாதம். அமர்வில் மூன்று தாள்கள் மேசைக்கு வந்தாக வேண்டும் என்பது என் கருத்து: மாத வரவு செலவுக் கூற்று, வேலைகளின் முன்னேற்றம், முந்திய தீர்மானங்களின் நிலை. நடைமுறையில் தாள்கள் அன்று காலைதான் கைக்கு வருகின்றன. இரங்கல் உரையும் கொழும்புக்கு அனுப்பும் தீர்மானங்களும் முதல் இரண்டு மணித்தியாலத்தை எடுத்துவிட, நிதிக் கூற்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் “ஏற்றுக்கொள்ளப்பட்டது”. கொழும்புக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றலாம்.

தீர்மானங்களின் நிலையைச் சொல்லும் தாளில் தீர்மான இலக்கம், பொறுப்பான உத்தியோகத்தர், முடிக்க வேண்டிய திகதி, இன்றைய நிலை என நான்கு நிரல். “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற வாசகத்தை நான்காவது நிரலில் தடைசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குப் பதிலாகக் கடைசியாக அனுப்பிய கடிதத்தின் திகதியை எழுதட்டும்.

2023 மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 அன்றுதான் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேலாக, முடிவெடுத்ததும் நிறைவேற்றியதும் அலுவலகமே. வேலை நின்றுவிடவில்லை, சில இடங்களில் கோப்பு வேகமாகக்கூட நகர்ந்தது. ஆனால் கேள்வி கேட்கும் ஆசனம் வெறுமையாக இருந்தது. மேலே வட மாகாண சபையும் 2018 ஒக்டோபரோடு முடிந்ததால், அந்தத் தட்டிலும் மக்கள் பிரதிநிதி இல்லை. உள்ளூராட்சி ஆணையாளரும் உதவி ஆணையாளரும் செய்யும் மேற்பார்வை நிர்வாக மேற்பார்வை. அது சுற்றறிக்கை மீறப்பட்டதா என்று பார்க்கும். கந்தையருடைய ஒழுங்கைக்கு ஏன் வெளிச்சம் வரவில்லை என்று பார்க்காது.

கணக்காய்வு அறிக்கைக்கு வருவோம். நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அதிகாரம் அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையிலும் 2018 இன் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்திலும் இருந்து வருகிறது. அறிக்கையைக் கையில் எடுத்தால் முதற்பக்கத்து அபிப்பிராயத்தோடு நிறுத்த வேண்டாம். வருமான நிர்வாகம் பற்றிய அட்டவணைக்கு நேரே போங்கள்: மதிப்பிட்ட வருமானம், விதித்தது, வசூலித்தது, டிசம்பர் 31 இல் நிலுவை. பகுதி எண் அங்கேதான் அச்சில் இருக்கிறது. பிறகு, போன வருடம் சுட்டிய குறை இந்த வருடமும் அதே வார்த்தைகளில் வந்திருக்கிறதா என்று இரண்டு வருட அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, உள்ளூராட்சி மன்றங்களையும் அழைத்து விசாரிக்கலாம். நாடு முழுவதும் சபைகள் எத்தனை என்று நினைத்தால், முறை எப்போது வரும் என்று கேட்கத் தோன்றாது.

வெளி மதிப்பீடுகளும் உண்டு. சபைகளின் சேவைகளை மேம்படுத்த உலக வங்கி நிதி கொடுத்த நெல்சிப் (NELSIP) திட்டம் 2010 இல் வடக்கு, கிழக்குக்கு வந்தது. பிறகு ஊவாவையும் வட மத்தியையும் சேர்த்து எல்டிஎஸ்பி (LDSP) என்ற உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம். பின்னையதில் மானியத்தின் ஒரு பகுதி சபையின் செயலாற்றுகையைப் பொறுத்ததாக இருந்தது. பணம் புள்ளியில் தங்கியிருந்தால் பதிவேடுகள் ஒழுங்காகும், அது நல்லதே. கெட்டது என்னவென்றால், கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இடத்தில் கோப்பு தயாராகும், வேலை தயாராகாது.

உறுப்பினரும் கேட்கவில்லை என்றால் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 இன் 12 ஆம் இலக்கம். சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. சனசமூக நிலையத்தின் பெயரில் போனாலும் சரி, தனி ஆளாகப் போனாலும் சரி, விண்ணப்பத்தில் “ஏன்” என்று எழுத வேண்டாம். காரணம் கேட்டால் விளக்கம் வரும். ஆவணம் கேட்டால் ஆவணம் வரும். “வீதி விளக்கு முறைப்பாட்டுப் பதிவேட்டின் இன்ன மாதத்துப் பக்கங்களும், அதே மாதத்துக் களஞ்சியப் பேரேட்டின் குமிழ்ப் பக்கமும்” என்று இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். முதன்முறை கேட்பவர் டிசம்பர் மாதத்தைக் குறிப்பிடலாம். மாரியில்தான் விளக்குகள் அதிகம் அணையும். ஆண்டு முடிவதற்குள் பட்டியல் தீர்க்கும் அவசரமும் அப்போதுதான்.