24 மெகாபிக்சல், 42 மெகாபிக்சல்: எதில் நாய்ஸ் அதிகம்?

மெகாபிக்சல் கூடினால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறு) கூடும் என்று கேமரா வாங்கப் போகும் எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். இதைச் சோதிக்க சோனியில் நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது. 2017இல் வந்த ஏ7ஆர் மார்க் 3இல் 42.4 மெகாபிக்சல், 2018இல் வந்த ஏ7 மார்க் 3இல் 24.2. இரண்டிலும் ஒரே அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சார் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு). ஏறக்குறைய ஒரே தலைமுறை. பின்னது என்னுடையது, முன்னதை நண்பரிடம் வாங்கி வந்தேன்.

இரவு நேரம், அறையில் ஒரே ஓர் எல்இடி பல்பு. மேசைமேல் கருப்புக் குடைத்துணியை மடிப்பு மடிப்பாகப் போட்டு, வண்ண நூல்கண்டுகளையும் ஒரு சாம்பல் நிற அட்டையையும் வைத்தேன். ட்ரைபாட், இரண்டுக்கும் ஒரே லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 6400. ஷட்டர் 1/50 நொடி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50இல் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடும். துடிப்புகள் முழுதாக அடங்காத வேகத்தில் ஷட்டரை வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து ஒப்பீடே கெட்டுப்போகும்.

ரா கோப்புகளை (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்புகள்) ராதெரபி என்னும் மென்பொருளில், எந்த மெருகும் சேர்க்காத நியூட்ரல் ப்ரொஃபைலில் திறந்தேன். நாய்ஸ் நீக்கமோ ஷார்ப்பனிங்கோ உள்ளே புகுந்தால் நாம் சோதிப்பது மென்பொருளைத்தான், கேமராவை அல்ல.

100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் 42தான் மோசம். குடைத்துணிமேல் ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள். இது எதிர்பார்த்ததுதான். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) விழுந்தால் அதில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. சதவீதத்தில் 1. அதே இடத்தை நான்கு பிக்சல்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2,500 ஃபோட்டான்கள், ஏற்ற இறக்கம் 50. இது 2 சதவீதம். ஆனால் நான்கையும் சேர்த்துப் பாருங்கள்: மறுபடி 10,000, மறுபடி 1 சதவீதம். சென்சாருக்கு வந்த வெளிச்சத்தில் எதுவும் குறையவில்லை, பங்கு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று 7952 பிக்சல் அகலப் படத்தை பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து கணக்கிடும் லான்சோஸ் முறையில், 24இன் அகலமான 6000க்குச் சுருக்கினேன். (பக்கத்தில் உள்ள ஒரே ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும் முறையில் சுருக்கினால் நாய்ஸ் குறையாது.) இப்போது சாம்பல் அட்டையில் எது எந்தக் கேமரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூல்கண்டில் மட்டும் வித்தியாசம் இருந்தது: 42இல் ஒவ்வொரு இழையின் முறுக்கும் கூடுதல் தெளிவு.

அப்புறம் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்க, ஷட்டரைத் தொடாமல் லென்ஸ் துளையை எஃப் 16க்கு மூடி, ஐஎஸ்ஓவை 25600க்கு ஏற்றினேன். சுருக்கிய பிறகும் துணி மடிப்பின் அடி இருட்டில் 42இல் நிறப் பிசிறு ஒரு துளி அதிகம். ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. பிக்சல்கள் அதிகமென்றால் அந்தச் சேர்க்கையும் அதிகம். வெளிச்சம் தாராளமாக இருக்கும் இடத்தில் இது தெரியவே தெரியாது. மிச்சமிருப்பதே சில ஃபோட்டான்கள் என்னும் இருட்டில்தான் தலைகாட்டும். கல்யாணமோ கச்சேரியோ எடுப்பவர் இதற்காக 42ஐ ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டியது க்ராப்தான், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவது. 42 இருக்கிறதே என்று பறவைப் படத்தை ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) அளவுக்கு வெட்டினால் 18 மெகாபிக்சல் மிஞ்சும். ஆனால் சென்சாரின் பரப்பில் பாதிக்கும் குறைவைத்தான் பயன்படுத்துகிறோம். வெளிச்சமும் அந்த அளவுக்குப் போய்விடுகிறது. அந்தப் படத்தைத் திரை முழுக்க விரித்துப் பார்க்கும்போது தெரியும் நாய்ஸுக்குப் பழி மெகாபிக்சல்மேல் விழுகிறது.

அடுத்து, 12 மெகாபிக்சல் ஏ7எஸ் மார்க் 2 கிடைத்தால் அதே துணி மடிப்பை இன்னும் இருட்டில் எடுத்து இந்த இரண்டோடும் வைத்துப் பார்க்க வேண்டும்.